கழுத்துக்குத் தண்ணீர்

செவிட்டுப் பிள்ளை ஒன்றைப் பேசவைப்பதற்கு முதலில் வேண்டியது ஒரு கழுத்து. வாத்தியார் "ஆ" என்று சொல்லும்போது பிள்ளையின் கை அவருடைய தொண்டையில் இருக்க வேண்டும். அங்கே ஏதோ நடுங்குகிறது என்று விரல்கள் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பிள்ளை மற்றக் கையைத் தன் தொண்டையில் வைத்து அதே நடுக்கத்தைத் தன்னிடம் தேட வேண்டும். மாதக் கணக்காகத் தேட வேண்டும். அற்புதராணி தெற்கே போய், யாரையும் தெரியாத ஊரில் தனியே இருந்து படித்துக்கொண்டு வந்தது இதைத்தான்.

கழுத்தையும் கையையும் சேர்க்கிற படிப்பு! அதை யாழ்ப்பாணத்தில் கொண்டுவந்து நடத்தலாம் என்று அவளை அனுப்பியவர்கள் நினைத்தார்களே, முதலில் அவர்களைச் சொல்ல வேண்டும்.

வட்டுக்கோட்டையிலிருந்து அராலிப் பக்கம் போகிற ஒழுங்கையில் அந்த மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. மண்டபத்தின் வடக்கு மூலையைக் கிடுகுத் தட்டியால் மறைத்து அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாட்டைக் கத்தும். அது அற்புதராணிக்கு மட்டும்தான் தொந்தரவு. அவளுடைய பிள்ளைகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நாலைந்து பிள்ளைகள் பெயருக்கு இருந்தாலும் நாள் தவறாமல் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் தியாகு. புகையிலைக் கமக்காரர் முருகேசரின் ஒரே மகன். மற்றவள் ஸ்ரெல்லா. அராலித் துறையிலிருந்து கடகத்தில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்கிற மக்டலீனின் மகள்.

இரண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வாங்கில் சமமாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கே ஊரில் பள்ளிக்கூடங்கள் எரிந்த கதையெல்லாம் உண்டு. எப்படியோ வாங்குச் சண்டை அடங்கிவிட்டது. பிறகுதான் கழுத்து வந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலை, முருகேசர் குடையை மடக்கிக்கொண்டு மனேச்சரின் அறைக்குள் வந்தார். மனேச்சர் என்றால் பள்ளிக்கூடத்தை நடத்துகிற போதகர். அற்புதராணியைக் கூப்பிட்டார்கள். அவளுடைய அண்ணன் அருட்பிரகாசத்தையும் கூப்பிட்டார்கள். அவர் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வருகிற தை மாதம் தலைமை வாத்தியார் ஆகப் போகிறவர் என்று பேச்சு.

"பிள்ளை, நான் உம்மிலை குறை சொல்ல வரேல்லை," என்று தொடங்கினார் முருகேசர். "என்ரை பெடியன் உம்மடை கழுத்திலை கை வைக்கிறான். வைக்கட்டும். நீங்கள் வேதக்காரர் எண்டாலும் நல்ல குடிப் பிள்ளையள். ஆனா அதே கழுத்திலை அந்த மீன்காரியின்ரை பெட்டையும் கை வைக்குதாம். அப்ப என்ரை பெடியன் தொடுறது ஆரை?"

"என்னைத்தான் ஐயா."

"உம்மையோ? அவள் தொட்ட இடத்தையோ?"

அற்புதராணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கை தானாகப் போய்த் தன் தொண்டையைத் தொட்டது.

மனேச்சர் மெல்லச் செருமினார். "வாங்கிலை எல்லாரும் ஒண்டாத்தானே இருக்கினம் ஐயா. சட்டமும் அப்பிடி…"

"வாங்குக்குத்தான் சட்டம் வந்தது. கழுத்துக்கு வரேல்லை."

மனேச்சர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். ஞாயிறு தோறும் பிரசங்க மேடையில் ஏறி, எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று கண்ணை மூடிச் சொல்கிற மனிதர் அவர்.

அவர் சிரித்ததற்கும் காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த சைவக் குடும்பங்கள் எல்லாம் முருகேசர் சொல்கிற பக்கம் சாய்கிறவை. கூப்பிடு தூரத்தில் சைவப் பள்ளிக்கூடம் ஒன்று திறக்க ஆட்கள் கொட்டிலும் போட்டுவிட்டார்கள். முருகேசர் மகனைக் கூட்டிக்கொண்டு போனால் பாதிப் பள்ளிக்கூடம் பின்னால் போய்விடும்.

"அப்ப அந்தப் பெட்டைக்கு வேறை ஆரையும் வைச்சுப் படிப்பிப்பம்," என்றார் மனேச்சர்.

"ஆரை வைப்பியள்?" என்று கேட்டாள் அற்புதராணி. "நான் வந்த நாள் தொடக்கம் கேக்கிறன், இன்னொரு ஆளைத் தெற்கை அனுப்பிப் படிப்பிச்சு எடுங்கோ எண்டு. அங்கை ஒரு வகுப்புக்கு ரெண்டு பேர் நிப்பினம். ஒராளுக்குத் தொண்டை களைச்சா மற்றாள் எடுக்கும். இஞ்சை நான் தனிய."

"உம்மை அனுப்பினதே பெரிய பாடு பிள்ளை."

"படிக்காத ஆளை விட்டா அது விளையாட்டாப் போயிடும். அதோடை ரெண்டு பேரும் ஒருதரை ஒருதர் பாத்துத்தான் வாய் திறக்கினம். தியாகு 'ப' பிடிச்சதே ஸ்ரெல்லாவின்ரை வாயைப் பாத்து."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முருகேசரின் முகம் இருண்டது. குடையை எடுத்தார்.

அப்போதுதான் அருட்பிரகாசம் வாயைத் திறந்தார். தங்கையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் திறந்தார். "கழுவினாப் போச்சு," என்றார். "அந்தப் பிள்ளை தொட்டாப் பிறகு ராணி கழுத்தைக் கழுவட்டும். பிறகு தம்பி தொடட்டும். ஆருக்கும் குறையில்லை."

முருகேசர் யோசித்தார். மனேச்சர் யோசித்தார். படித்த மனிதர்கள் இருவர் உட்கார்ந்து ஒரு பெண்ணின் கழுத்தை எப்போது, எப்படிக் கழுவுவது என்று யோசித்தார்கள். "அது ஞாயம்," என்றார் முருகேசர். கழுத்துக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை.

அவள் ஏன் அதற்கு உடன்பட்டாள் என்று கேட்கலாம். அன்று காலைதான் தியாகு முதல்முதலாக இரண்டு உதட்டையும் சேர்த்து வைத்து "ப்" என்று வெடித்திருந்தான். அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து தட்டிக்குள் ஒரு வாளியும் செம்பும் வந்தன. ஸ்ரெல்லா தொட்டால் கழுவல். தியாகு தொட்ட பிறகு ஸ்ரெல்லா, மறுபடி கழுவல். ஒரு சொல்லுக்கு எத்தனை முறை மாறி மாறித் தொட வேண்டியிருக்கும் என்று மனேச்சருக்குத் தெரியாது. முருகேசருக்கும் தெரியாது. தெரிந்த ஒரேயொருத்தியின் கழுத்தும் சட்டைக் கழுத்தும் விடிந்து பொழுதுபடும்வரை ஈரமாகவே கிடந்தன.

பிள்ளைகளுக்கு இதன் காரணம் தெரியாது. காதில் விழாத பிள்ளைகளுக்குச் சாதியை யார் போய்ச் சொல்வது? தண்ணீர் வார்ப்பதும் பாடத்தில் ஒரு பகுதி என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தியாகுவுக்கு அதில் சரியான விருப்பம். அற்புதராணி கையை நீட்ட முன்னமே செம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவளுடைய கழுத்தில் வார்ப்பான், தன் கையில் வார்ப்பான், ஸ்ரெல்லாவின் கையிலும் வார்ப்பான். வார்த்துவிட்டு, 'இனி உன் முறை' என்று கையால் பெரிய மனிதன் மாதிரிக் கூப்பிடுவான். அந்தப் பிள்ளையின் கையை அவன் கழுவினான். பெரியவர்கள் எதற்காகச் செம்பைக் கொண்டுவந்தார்களோ அதை அவன் எவ்வளவு அழகாகத் தலைகீழாக்கிப்போட்டான் என்று பார்க்க அங்கே யாரும் இல்லை.

வீட்டிலும் வேறு கதை நடந்தது. அற்புதராணி அண்ணனுடைய வீட்டில்தான் இருந்தாள். பின்னேரம் வந்ததும் அண்ணன் மனைவி ஞானமணி படலையடியிலேயே மறிப்பாள்.

"ராணி, கிணத்தடிக்குப் போட்டு வா. துவாய் கொடியிலை கிடக்கு."

"மழைக்கை நனைஞ்சுதானே வாறன் மச்சாள்."

"மழை வேறை, குளிப்பு வேறை. நான் ஒண்டும் பாக்கிறேல்லை, எனக்குத் தெரியுந்தானே. ஆனா அயலட்டை என்ன சொல்லும்? உங்கடை அண்ணைக்குத் தையிலை வாறது வந்து சேரட்டும். பிறகு நீ கடலுக்கை போய் நிண்டு படிப்பி."

குளித்துவிட்டு வந்தால் சுடச்சுடப் பிட்டும் சொதியும் இருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஞானமணி கெட்டவள் இல்லை. கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பி அற்புதராணிக்கு இருமல் பிடித்தபோது, வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் இடித்து அவித்து, ஊதி ஊதிக் கையில் கொடுத்தவள் அவள்தான். கொடுத்த கிளாசைப் பிறகு தனியே கவிழ்த்து வைத்தவளும் அவள்தான். இரண்டையும் ஒரே மனம் எப்படிச் செய்கிறது என்பதுதான் இந்த ஊரின் பெரிய வித்தை.

"அண்ணை," என்றாள் அற்புதராணி ஒருநாள். குரல் கரகரத்தது. "இனித் தண்ணி வேண்டாம், காணும். தொண்டை கட்டிக்கொண்டு வருது. என்ரை தொண்டையிலை சத்தம் இல்லாட்டி அதுகளின்ரை கைக்கு என்ன இருக்கு?"

அருட்பிரகாசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "ஒரு மாதம் பொறு. மார்கழி நத்தார் லீவுக்கு முதல் முருகேசரும் மனேச்சரும் வந்து கேக்கப் போகினம். பெடியன் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், வகுப்பு தொடந்து நடக்கும். சொல்லாட்டி மூடுறதாம். உன்னைப் பாலர் வகுப்புக்கு மாத்திறதாம்."

"மூடினா அதுகள்?"

"அதுகள் முந்தி எங்கை இருந்ததுகளோ அங்கை."

"முந்தி தியாகு எங்கை இருந்தவன் எண்டு தெரியுமோ? துலாக் கிணத்துக்கை விழுந்திடுவான் எண்டு சொல்லி வைக்கல் போருக்குப் பக்கத்திலை கயித்தாலை கட்டி வைச்சிருந்தவை. கண்டுக்குட்டி மாதிரி."

அருட்பிரகாசம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் என்ன செய்ய, ராணி? நானோ உந்த ஊரைப் படைச்சனான்?"

"கழுவச் சொன்னது நீங்கள்தானே."

ஞானமணி மோரை ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மக்டலீனுக்கு இந்தச் செம்பு விஷயம் பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்த அன்று மீன் கடகத்தோடு நேரே பள்ளிக்கூட வேலியடிக்கு வந்தாள். உள்ளே வருவதில்லை, வழக்கம் அது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே குரல் கொடுத்தாள்.

"ரீச்சர்! இஞ்சை ஒருக்கா வாருங்கோ. என்ரை பெட்டையின்ரை கையிலை என்ன ஊத்தை எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

அற்புதராணி ஓடிவந்தாள். "மக்டலீன், மெல்லக் கதையும்."

"ஏன் மெல்லக் கதைக்க? கடல் தண்ணியிலை கழுவிக் கழுவி வெளுத்த கை அது. அந்த முருகேசர் வெள்ளிக்கிழமை ஒழிய மற்ற நாளெல்லாம் ஆரின்ரை மீன் திண்டவர்? என்ரை மீன். நான் சுமந்து, நான் அரிஞ்சு, இந்தக் கையாலை எடுத்துக் குடுத்த மீன். அது அவரின்ரை தொண்டைக்கு உள்ளாலை போனாத் தீட்டில்லை. என்ரை பிள்ளை உங்கடை தொண்டைக்கு வெளியாலை தொட்டாத் தீட்டோ? என்ன ரீச்சர் உது, எந்தப் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற கணக்கு?"

தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு நின்றுவிட்டது. இரண்டாம் வகுப்பு முழுக்க யன்னலில் நின்றது.

"நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்," என்றாள் மக்டலீன். "என்னோடை கடகத்துக்குப் பின்னாலை வரட்டும். வாய் இல்லாட்டிப் பரவாயில்லை. விலை சொல்லக் கை இருக்கு."

"கூட்டிக்கொண்டு போகாதையும்," என்றாள் அற்புதராணி. இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடி சொன்னாள். "அவள் இப்ப ஒரு முழுச் சொல்லுச் சொல்லுறாள். வந்து பாரும். வேலிக்கு உள்ளை வந்து பாரும்."

மக்டலீன் கடகத்தை இறக்கினாள். வேலிக்கு உள்ளே வந்தாள். தட்டிக்குள் ஸ்ரெல்லா ஒரு கையை ரீச்சரின் தொண்டையிலும் மறு கையைத் தன் தொண்டையிலும் வைத்து, கண்ணை உருட்டி, "அ… ப்பு" என்றாள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரித் தடித்த குரல். சொல் மட்டும் பிசகவில்லை.

மக்டலீன் மகளின் வாயையே பார்த்தாள். "அப்பு," என்றாள் பிறகு. "இவளைப் பெத்த மனிசன் கடலுக்கை போய்த் திரும்பி வராமல் வருசமாச்சு. இவளுக்கு அதுதானோ முதல்லை வரவேணும்?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அற்புதராணியைப் பார்த்து, "உங்கடை கழுத்துத் தோல் உரியுது ரீச்சர். தேங்காயெண்ணெய் பூசுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பிள்ளையை விட்டுவிட்டுத்தான் போனாள்.

நத்தார் லீவுக்கு முதல் வாரம் மழை இரண்டு நாள் விட்டிருந்தது. முருகேசர் பட்டுக்கரை வேட்டி கட்டிச் சால்வை போட்டு வந்தார். மகன் பேசுவதைக் கேட்க வருகிற தகப்பன் அப்படித்தான் வர வேண்டும். அதில் குறை சொல்ல முடியாது. மனேச்சர் நாற்காலி போட்டு இருத்தினார். அருட்பிரகாசம் தட்டிப் பக்கம் நின்றார்.

அற்புதராணிக்கு முதல்நாளே காய்ச்சல். காலையில் எழும்பி "அண்ணை" என்று கூப்பிட்டபோது உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஞானமணி கொடுத்த கொத்தமல்லித் தண்ணீரும், தொண்டையில் சுற்றிக்கொடுத்த கம்பளித் துணியும் ஒன்றும் செய்யவில்லை. "இண்டைக்குப் போகாதை," என்றாள் ஞானமணி. அவள் போனாள்.

தியாகுவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள். துணியைக் கழற்றினாள். அவனுடைய கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தாள். அவனுடைய தகப்பனைக் காட்டினாள். வாயைப் பெரிதாகத் திறந்து, மூடி, குவித்து, 'அப்பு' என்றாள்.

காற்றுத்தான் போனது.

தியாகு அவளுடைய வாயைப் பார்த்தான். விரலை அழுத்தினான். கீழே நகர்த்தினான், மேலே நகர்த்தினான். அங்கே ஒன்றும் நடுங்கவில்லை. மறு கையைத் தன் தொண்டையில் வைத்தபடி வாயைத் திறந்தான். எதைத் தேடுவதென்று தெரியாமல் திறந்தபடியே நின்றான்.

"வரேல்லையோ?" என்றார் முருகேசர். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. சால்வையின் ஓரத்தை விரலால் முறுக்கிக்கொண்டிருந்தார். இந்த ஒரு சொல்லுக்காக அவரும் எத்தனையோ கோவில் படி ஏறியவர்தான்.

"இன்னொருக்காப் பாப்பம்," என்றார் மனேச்சர்.

இன்னொரு தடவையும் காற்று. தியாகுவின் உதடு கோணிக்கொண்டு வந்தது, அழப்போகிறான். பிறகு அவன் சுற்றிப் பார்த்தான். வாங்கின் மறு நுனியில் ஸ்ரெல்லா இருந்தாள். ரீச்சரின் தொண்டையில் இல்லாதது எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். இரண்டு எட்டில் போய் அவளுடைய கழுத்தில் கையை வைத்தான். தண்ணீர் வார்க்கக்கூட நிற்கவில்லை.

ஸ்ரெல்லா "அ… ப்பு" என்றாள்.

தியாகு தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். "அ… ப்பு," என்றான். உடைந்த குரல். ஆனாலும் சொல். முருகேசர் நாற்காலியிலிருந்து பாதி எழும்பிவிட்டார். அவருடைய முகத்தில் அப்போது வந்ததை அற்புதராணி பார்த்தாள், அருட்பிரகாசம் பார்த்தார், மனேச்சரும் பார்த்தார். அதை வைத்து அந்த மனிதரை மன்னித்திருக்கலாம்.

ஆனால் அடுத்ததாக அவர் மகனுடைய கை இருந்த இடத்தைப் பார்த்தார்.

"எடடா கையை!"

தியாகுவுக்குக் கேட்கவில்லை. அவன் இன்னும் அவளுடைய கழுத்தில் கை வைத்தபடி, "அ… ப்பு, அ… ப்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். முருகேசர் பாய்ந்து வந்து மணிக்கட்டில் பிடித்து இழுத்தார். மண்டபத்துக்கு வெளியே, முற்றத்துச் சேற்றுக்குள்ளால், கிணற்றடிக்கு. வாளியில் இருந்த தண்ணீரை மகனுடைய கையில் கவிழ்த்து முழங்கைவரை தேய்த்தார். புகையிலைக் காம்பில் ஒட்டிய பிசினைத் தேய்க்கிற மாதிரித் தேய்த்தார். பெற்ற பிள்ளை முதல்முதலாகத் தகப்பனைக் கூப்பிட்டிருக்கிறது. அந்த மனிதர் கழுவிக்கொண்டிருக்கிறார்!

எல்லாரும் பின்னால் வந்துவிட்டார்கள். "காணும் ராணி," என்றார் மனேச்சர். "இண்டையோடை இந்த வகுப்பு காணும். விட்டிடுவம்."

தியாகு அழவில்லை. கை கழுவினால் அடுத்தது என்ன என்று அவனுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் அதைத்தானே படித்தான்? தண்ணீர் சொட்டுகிற கையை எடுத்துத் தகப்பனின் தொண்டையில் வைத்தான். மற்றக் கையைத் தன் தொண்டையில் வைத்தான். தகப்பனின் வாயையே பார்த்துக்கொண்டு, சொல்லட்டும் என்று காத்துநின்றான்.

முருகேசர் திகைத்துப்போனார். விழுங்கினார். விழுங்கியது மகனுடைய விரலுக்குக் கீழே ஏறி இறங்கியது. அவன் கண்ணை விரித்தான்.

"போடா அங்காலை!" என்றார் அவர்.

பெரிய குரல். தோட்டத்தில் துலா மிதிக்கிறவனை வேலியடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல். அப்படியொரு நடுக்கம் அந்தப் பிள்ளையின் கைக்கு இதுவரை கிடைத்ததில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, "போ… டா!" என்றான் தகப்பனைப் பார்த்து.

வேலியடியில் நின்ற இரண்டாம் வகுப்பில் ஒன்று களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தியது.

முருகேசர் அசையவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேன் என்று தியாகுவுக்கு விளங்கியது. வாளியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரை இரு கையாலும் அள்ளினான். எட்டித் தகப்பனின் கழுத்தில் வார்த்தான். சால்வை நனைந்தது. கழுத்தை உள்ளங்கையால் ஒரு தரம் துடைத்துவிட்டான். பிறகு திரும்பி, மண்டப வாசலில் நின்ற ஸ்ரெல்லாவைக் கையால் கூப்பிட்டான்.

அவள் வந்தாள். அவளுக்கு என்ன பயம்? யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லையே. முற்றத்தைக் கடந்து, அவளுடைய ஆட்கள் ஒருவரும் கால் வைத்திராத கிணற்றுக் கட்டில் ஏறி, முருகேசருக்கு முன்னால் நின்று கையை உயர்த்தினாள்.

"அருட்பிரகாசம்!" என்றார் மனேச்சர். "அந்தப் பெட்டையைக் கட்டாலை இறக்கும், கெதியா!"

அருட்பிரகாசம் இரண்டு எட்டு வைத்தார். தங்கையின் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். அவளுடைய கழுத்தில் உரிந்து சிவந்து கிடந்ததைப் பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தார் போல. பிறகு அவர் முன்னுக்குப் போகவில்லை.

முருகேசர் பின்னுக்குக் காலை எடுத்தார். பின்னால் கிணற்று விளிம்பு. கழுத்திலிருந்து தண்ணீர் நெஞ்சுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை," என்றார் அற்புதராணியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி. "உவளைக் கூப்பிடும். கூப்பிடும் எண்டு சொல்லுறன்."

அற்புதராணிக்குக் குரல் இல்லை. இருந்த காற்றையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் பிடித்து, பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி அவருக்குச் சொன்னாள்.

"முறை அவளின்ரை."